இறக்கையின் நீளமும் இறந்தோர் தொகையும்

உலகில் எந்த விமான நூதனசாலைக்குள் நுழைந்தாலும் முதலில் உங்களுக்குச் சொல்லப்படுபவை அளவுகள்தான். இறக்கையின் நீளம் இவ்வளவு, இயந்திரத்தின் வலு இவ்வளவு, உச்ச வேகம், ஏறக்கூடிய உயரம், காவிச் செல்லக்கூடிய குண்டுகளின் நிறை. ஓட்டியவரின் பெயர் இருக்கும். அவர் பெற்ற பதக்கம் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும். அந்தக் குண்டுகள் எங்கே விழுந்தன, யார் மீது விழுந்தன என்ற விபரத்தை மட்டும் நாமாகத் தேடிப் பிடிக்கவேண்டும். பல இடங்களில் தேடினாலும் கிடைப்பதில்லை. இது தற்செயலாக நேர்ந்த விடுபடல் என்று நான் நம்பவில்லை. ஒரு செய்தியில் எது விடுபட்டிருக்கிறது என்பதைக் கொண்டே அதை எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என்று சொல்லிவிடலாம் என்பது, முப்பது வருடங்களாகப் பத்திரிகையில் காலம் தள்ளியவனின் அனுபவம். விமான நூதனசாலைகளின் வரலாறு ஆகாயத்தில் நின்று எழுதப்பட்ட வரலாறு.

கடந்த ஆண்டு யூலை மாதம், அவுஸ்திரேலியாவின் நடுவிலுள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வடக்கே டார்வின் வரை தனியே ஓட்டிச் சென்றேன். ஏறத்தாழ 1500 கிலோமீற்றர். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது அத்தான்? வெறும் செம்மண்தானே" என்றார் மெல்பேர்னில் வசிக்கும் மைத்துனர். அவர் அந்நாட்டில் குடியேறி இருபத்தைந்து வருடங்கள். ஒரு தடவைதானும் நாட்டின் உட்புறத்துக்குப் போனதில்லை. நம்மவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். சிட்னியின் ஒபெரா மண்டபமும் மெல்பேர்னின் முருகன் கோவிலும் அவர்களுக்கு அவுஸ்திரேலியாவாகப் போதும். அது அவர்களின் விருப்பம். ஆனால், போர் என்ற ஒன்றை அனுபவித்து அங்கே போனவர்கள், போரினால் உருவான அந்தப் பாதையில் ஒருமுறையேனும் போய்வர வேண்டும் என்றே சொல்வேன்.

பயணம் தொடங்கிய அலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே ஒரு விமான நூதனசாலை உண்டு. அந்தச் சிற்றூரின் முதலாவது விமானத்தளம் இருந்த இடத்தில், பழைய விமானக் கொட்டகை ஒன்றில் அது இயங்குகிறது. அதன் அருகே தனியாக ஒரு கட்டடத்தில் 'குக்கபரா' என்ற சிறிய விமானத்தின் எலும்புக்கூடு வைக்கப்பட்டிருக்கிறது. எலும்புக்கூடு என்பது சரியான சொல்தான். துணி எல்லாம் போய், துருவேறிய குழாய்களும் சட்டங்களும் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

அதன் கதை இது. 1929 மார்ச் இறுதியில் அந்நாட்டின் பெரும் புகழ்பெற்ற விமானி சார்ள்ஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தும் அவரது குழுவினரும் இங்கிலாந்தை நோக்கிப் புறப்பட்டு, வழி தவறி, வடமேற்குக் கரையோரச் சேற்றுநிலமொன்றில் இறங்கிக் காணாமற் போனார்கள். அவர்களைத் தேடி கீத் அண்டர்சன், பொப் ஹிட்ச்கொக் என்ற இருவர் குக்கபராவில் கிளம்பினார்கள். அண்டர்சன் முன்னாளில் ஸ்மித்தின் பங்காளி, பிணக்கினால் பிரிந்தவர். பிரிந்தவரைத் தேடித்தான் போனார். ஏப்ரல் 10ஆம் திகதி அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து பறந்தவர்கள், இயந்திரக் கோளாறினால் தனாமி பாலைவனத்தில் இறங்கினார்கள். கோளாறைச் சீர்செய்த பிறகும், மீண்டும் மேலெழுவதற்குப் புதர்களை அகற்றி ஓடுபாதை அமைக்கத் தகுந்த கருவி இல்லை. தண்ணீரும் இல்லை. நாட்குறிப்பை விமானத்தின் சுக்கானிலேயே எழுதிவைத்துவிட்டு அண்டர்சன் இறந்தார். ஹிட்ச்கொக்கும் தாகத்தினால் இறந்தார். தேடப்பட்ட ஸ்மித் குழுவினரோ ஏப்ரல் 12ஆம் திகதியே உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார்கள். பத்திரிகைகளுக்கு அது பெருவிருந்து. ஸ்மித் விளம்பரத்துக்காகவே காணாமற் போனார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணைக் குழு அதை நிராகரித்தது. குக்கபராவின் எச்சங்கள் 1978இல்தான் டிக் ஸ்மித் என்ற தொழிலதிபரின் முயற்சியால் பாலைவனத்திலிருந்து மீட்கப்பட்டன.

அந்தக் கட்டடத்தில் நான் நீண்ட நேரம் நின்றேன். தோற்றுப்போன ஒரு விமானத்தை, அதிலே இறந்தவர்களின் கதையோடு சேர்த்து ஒரு நூதனசாலை முன்வைக்கிறது. இறக்கையின் நீளம் என்ன என்று எவரும் கேட்கப்போவதில்லை. தாகம்தான் அங்கே கண்காட்சிப் பொருள். ஆக, நூதனசாலைகளுக்கு இது தெரியாத வித்தை அல்ல. வேண்டுமென்றால் அவை விமானத்திலிருந்து இறங்கித் தரையில் நின்று கதை சொல்லும். யாருக்காக இறங்குகின்றன என்பதுதான் கேள்வி.

அதே பிராந்தியத்தில், குக்கபரா விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1928 ஓகஸ்ட் தொடங்கி ஒக்டோபர் வரை, கொனிஸ்டன் என்ற பண்ணையைச் சுற்றிய பகுதிகளில் பொலிஸ்காரர் ஒருவர் தலைமையில் சென்ற குழு ஆதிக்குடி மக்களைச் சுட்டுக் கொன்றது. அரசாங்கக் கணக்கு 31. அம்மக்களின் கணக்கு அதன் இரு மடங்குக்கும் மேல். அதற்கும் ஒரு விசாரணைக் குழு இருந்தது. கொன்றது நியாயமே என்று 1929இன் தொடக்கத்தில் அது கூறிற்று. சில மாத இடைவெளியில் இரண்டு விசாரணைகள். ஒன்று, ஒரு விமானி விளம்பரத்துக்காகக் காணாமற் போனாரா என்பது பற்றியது. மற்றையது, முப்பதுக்கும் மேற்பட்ட மனிதரைக் கொன்றது சரியா என்பது பற்றியது. எதற்கு அதிகம் மை செலவாகியிருக்கும் என்று பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

வடக்கே ஓடும் பெருந்தெருவுக்கு ஸ்டுவர்ட் நெடுஞ்சாலை என்று பெயர். வேக எல்லை பெரும்பாலும் மணிக்கு 130 கிலோமீற்றர். ஐம்பது மீற்றருக்கும் மேல் நீளமான, மூன்று நான்கு பெட்டிகள் கோத்த லொறிகள் எதிரே வரும். அவை கடந்து போகும்போது கார் ஒருமுறை குலுங்கும். பெற்றோல் நிலையங்களுக்கிடையே நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர் வெறுமை. தனியே ஓட்டுபவனுக்கு வானொலியும் கிடையாது. இருபது லீற்றர் தண்ணீரைக் காரின் பின்புறம் ஏற்றிக்கொண்டுதான் புறப்பட்டேன். குக்கபராவைப் பார்த்துவிட்டு வருபவன் அதற்குக் குறைவாக ஏற்றமாட்டான்.

இந்தத் தெருவே போர் பெற்ற பிள்ளை. தெற்கிலிருந்து வந்த புகையிரதப் பாதை அலிஸ் ஸ்பிரிங்ஸில் முடிந்தது. டார்வினிலிருந்து தெற்கே வந்த பாதை லரிமாவுக்கு அப்பால், பேர்டம் என்ற இடத்தில் முடிந்தது. நடுவிலிருந்த வெளியை இணைக்க 1940இல் அவசரமாக வெட்டிய தெருதான் போர் முடியுமுன் தார் பூசப்பட்டு நெடுஞ்சாலையாயிற்று. டார்வினை அண்மிக்கும்போது தெருவோரத்திலேயே பழைய ஓடுபாதைகள் தெரிகின்றன. ஸ்ட்ராஸ், லிவிங்ஸ்டன் என்று அவற்றுக்குப் பெயர்ப்பலகைகள் உண்டு. இரண்டும் 1942இல் அங்கே உயிரிழந்த அமெரிக்க விமானிகளின் பெயர்கள். வாகனத்தை நிறுத்தி இறங்கி, புல் முளைத்த அந்தப் பாதையில் நடக்கலாம்.

அதற்குத் தெற்கே கத்தரீன் என்றொரு பட்டினம் இருக்கிறது. அங்குள்ள நூதனசாலை பழைய விமான நிலையக் கட்டடத்தில் அமைந்தது. கிளைட் ஃபென்ரன் என்ற பறக்கும் வைத்தியரின் விமானம் அங்கே இருக்கிறது. தானே விமானமோட்டி நோயாளிகளைத் தேடிப்போன மனிதர். இவ்வகை விமானத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாலும் எனக்குச் சலிக்காது. ஆனால் கத்தரீன் இன்னொரு காரணத்துக்காக மனதில் தங்கிவிட்டது. 1942 மார்ச் 22ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டு வீசின. ஒருவர் இறந்தார். அவர் ஓர் ஆதிக்குடி மனிதர். அந்தத் தாக்குதலைப் பற்றிய சுருக்கக் குறிப்புகள் பலவற்றில் அவரைப் பற்றி இருப்பது இந்த ஒரு வரிதான். பறந்துவந்து இறந்த விமானிக்கு ஒரு கிலோமீற்றர் நீள ஓடுபாதை; தன் சொந்த மண்ணில் நின்று இறந்தவருக்கு 'ஒரு மனிதர்' என்ற இரண்டு சொற்கள்.

இனி டார்வின். 1942 பெப்ரவரி 19ஆம் திகதி காலை, நாகுமோவின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து 188 விமானங்கள் அந்நகரின் மீது வந்தன. பாதர்ஸ்ற் தீவிலிருந்த மிஷன் பாதிரியார் அவை தமது தலைக்கு மேலாகப் போவதைக் கண்டு வானொலியில் அறிவித்தார், எவரும் பொருட்படுத்தவில்லை. பத்து மணியை அண்டித்தான் அபாயச் சங்கு ஒலித்தது. குண்டுகள் அதனோடு சேர்ந்தே விழுந்தன. நண்பகலளவில், தரைத்தளங்களிலிருந்து கிளம்பிய இரண்டாவது அணி வந்து விமானப்படைத் தளத்தைத் தாக்கியது. பியரி என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கப்பல்துறையிலேயே இறந்தார்கள். தபாலகத்தின் வளவில் பதுங்குகுழி வெட்டி வைத்திருந்தார்கள். தபாலதிபர் ஹேர்ட்டில் போல்டும் மனைவியும் மகள் ஐரிஸும் ஊழியர்களும் அதற்குள் இறங்கினார்கள். குண்டு அந்தக் குழியிலேயே விழுந்தது. நிர்வாகியின் மாளிகையில் பணிப்பெண்ணாக இருந்த டெய்சி மார்ட்டின் என்ற ஆதிக்குடிப் பெண் இடிபாட்டுக்குள் நசுங்கி இறந்தாள். வயது பதினெட்டு.

தபாலகத்தில் இறந்தவர்கள் டார்வினுக்குத் தெற்கே அடிலெயிட் றிவர் போர் மயானத்தில் அடங்கியிருக்கிறார்கள். நான் போன நேரம் அங்கே ஒரு தோட்டக்காரரைத் தவிர எவருமில்லை. பதுங்குகுழிக்குள் இறந்தவர்களின் கல்லறை முன்னால் நிற்பது எனக்கு வரலாற்றுப் பாடம் அல்ல. 1990இல் நான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவன். வீட்டுப் பின்வளவில் தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு நாங்கள் அமைத்த குழியில் என் தாயாருக்கென்று ஒரு மூலை இருந்தது. விமானத்தை நாங்கள் உற்பத்தியாளரின் பெயரால் அறிந்ததில்லை. சத்தத்தினால் அறிந்தோம். மெதுவாக உருண்டு வருவது சகடை. குத்தென்று கீழிறங்குவது பொம்மர். கிபிர் பின்னாளில் வந்தது. அதன் சத்தம் காதில் விழும்போது குண்டு விழுந்து முடிந்திருக்கும். அதன் இறக்கை எத்தனை மீற்றர் என்பதை அளந்து பார்க்க எங்களுக்கு அவகாசம் இருக்கவில்லை.

இந்த மனநிலையோடுதான் டார்வினின் விமான நூதனசாலைக்குள் போனேன். நெடுஞ்சாலையின் முடிவில், நகரின் வாசலில் அது இருக்கிறது. விமான வரலாற்றுச் சங்கத்தின் தொண்டர்கள் உழைப்பால் வளர்ந்தது. உள்ளே இரண்டு பொருட்கள் என்னை நிறுத்தின.

முதலாவது, பெப்ரவரி 19ஆம் திகதித் தாக்குதலில் பங்குகொண்ட ஒரு ஸீரோ விமானத்தின் சிதைவு. அதை ஓட்டியவர் ஹஜிமே தொயோஷிமா. துப்பாக்கிச் சூடு பட்டு மெல்வில் தீவில் இறங்கினார். அங்கே அவரைப் பிடித்தவர் மத்தியாஸ் உலுங்குரா என்ற திவி இன இளைஞர். அவுஸ்திரேலிய மண்ணில் பிடிபட்ட முதலாவது ஜப்பானியப் போர்க்கைதி அந்த விமானிதான். பொய்ப் பெயர் கொடுத்துச் சிறையிலிருந்தவர், 1944 ஓகஸ்டில் கௌரா முகாமில் நடந்த பெரும் சிறையுடைப்பில் ஊதுகொம்பு ஊதிவிட்டு இறந்தார். நெளிந்த அந்த அலுமினியத் தகட்டில் இருவர் இருக்கிறார்கள்: வானிலிருந்து வந்தவரும் தரையில் நின்று அவரை எதிர்கொண்டவரும். இப்படி இரண்டு பக்கமும் தெரியும் பொருள் விமான நூதனசாலைகளில் அபூர்வம்.

இரண்டாவது, பீ-52. மண்டபத்தின் முக்கால் பங்கையும் அதுவே நிறைத்துக்கொண்டிருக்கிறது. இறக்கை ஐம்பத்தாறு மீற்றர், எட்டு இயந்திரங்கள், முப்பது தொன் வரையில் குண்டுகளைக் காவும். அமெரிக்காவுக்கு வெளியே இதைப் பார்க்கக்கூடிய இடங்கள் மிகச் சில. 1981ஆம் ஆண்டின் உடன்பாடு ஒன்றின்படி இவ்வகை விமானங்கள் டார்வின் வழியாகப் பறந்து வந்தன. அந்த உறவின் நினைவாக ஒன்று இங்கேயே தங்கிவிட்டது. சிறுவர்கள் அதன் வயிற்றுக்குக் கீழே அண்ணாந்து பார்த்தபடி ஓடுகிறார்கள். பெற்றோர் படம் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிரமாண்டம் எவரையும் அண்ணாந்து பார்க்க வைக்கும்.

ஆனால் அவர்கள் நிற்கும் இடம் எது? குண்டு கீழிறங்கும் கதவுக்கு நேர் கீழே. 1972 டிசம்பர் 26ஆம் திகதி இரவு, இதே வகை விமானங்கள் வீசிய குண்டுகள் ஹனோய் நகரின் காம் தியென் வீதியில் விழுந்தன. இருநூற்று எழுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே வீதியில் இறந்தார்கள். இடிந்த வீடொன்றின் இடத்தில், இறந்த குழந்தையை ஏந்திய தாயின் சிலை இன்று நிற்கிறது. அதே ஹனோயில், வீடுகள் சூழ்ந்த சிறிய குளமொன்றில் வீழ்த்தப்பட்ட பீ-52 ஒன்றின் துண்டு தண்ணீருக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கிறது. ஹனோய்காரருக்கும் தற்பெருமை உண்டு. வெற்றிக்கென்றே ஒரு நூதனசாலை கட்டி வைத்திருக்கிறார்கள். ஆயினும் காம் தியென் வீதிச் சிலையும் அதே நகரில்தான் இருக்கிறது. விமானம் எங்கே பறந்தது என்று கேட்டால் அந்நகரால் ஒரு வீதியின் பெயரைச் சொல்லமுடியும்.

கம்போடியாவின் கதை இன்னும் மோசம். 1969 மார்ச் தொடங்கி அந்நாட்டின் மீது பீ-52 விமானங்கள் இரகசியமாகக் குண்டு வீசின. உண்மையான இலக்குகளைக் காட்டும் பத்திரங்கள் எரிக்கப்பட்டு, வேறு இடங்களில் வீசியதாகப் போலிப் பதிவுகள் எழுதப்பட்டன. 1973இல் அமெரிக்க இராணுவ அதிகாரி ஒருவரே செனற் சபைக் குழுவின் முன் இதைச் சாட்சியமாகச் சொன்னார். குண்டு விழுந்த ஊரின் பெயரைக் கடதாசியிலிருந்தே அழித்தார்கள். எந்தப் பெயர்ப்பலகையிலும் ஊரின் பெயர் இல்லாதிருப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

இதில் எமது தொழிலின் பங்கையும் சொல்லியாகவேண்டும். டார்வின் தாக்கப்பட்ட மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் அவுஸ்திரேலிய மக்களுக்குச் சொல்லப்பட்ட இறந்தோர் தொகை இருபதுக்கும் குறைவு. உண்மையில் 235க்கு மேல். நீதிபதி லோ தலைமையிலான ஆணைக்குழு 1942 மார்ச்சிலேயே விசாரித்து அறிக்கையைக் கொடுத்துவிட்டது. அது பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது 1945 ஒக்டோபரில். மூன்றரை வருடங்கள். பத்திரிகைகள் அரசாங்கம் கொடுத்த தொகையை அச்சிட்டன. போர்க்காலத் தணிக்கை இருந்தது, அச்சிடாமல் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1998 ஜூனில் இலங்கையில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டபோது நானும் கொழும்பில் ஒரு செய்தி மேசையில் இருந்தேன். நாம் அனுப்பும் பிரதிகளில் இறந்தோர் தொகை மீது கோடு விழுந்து திரும்பி வரும். வெட்டப்பட்ட இடத்தை நிரப்ப ஒரு சமையற்குறிப்பைப் போடுவோம். போர் முடிந்த பிறகு எந்தப் பத்திரிகையும் பழைய ஏடுகளைப் புரட்டி அந்தத் தொகைகளைத் திருத்தி மறுபிரசுரம் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. நூதனசாலைகளின் மௌனம் பெரும்பாலும் பழைய பத்திரிகைகளின் மௌனத்திலிருந்து கடன் வாங்கப்பட்டது.

டார்வினும் இலங்கையும் ஒரே கணக்கேட்டில் இருப்பதை நம்மவரிற் பலர் அறியார். டார்வினைத் தாக்கிய அதே நாகுமோவின் கப்பற்படை, ஆறு வாரங்கள் கழித்து, 1942 ஏப்ரல் 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பையும் 9ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கியது. விமானங்களுக்குத் தலைமை தாங்கியவரும் அதே ஃபுச்சிடாதான். கொழும்பில் அங்கொடை மனநல மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது. திருகோணமலையில், சீனன்குடா எண்ணெய்க் குதமொன்றின் மீது ஒரு ஜப்பானிய விமானம் மோதியது. நாட்கணக்கில் எரிந்த அந்தத் தாங்கியை இன்றும் காட்டுகிறார்கள். மோதிய விமானியரைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. அங்கொடையில் இறந்த நோயாளியின் பெயர் எவருக்காவது தெரியுமா?

இரத்மலானையில் எமது நாட்டு விமானப்படையின் நூதனசாலை இருக்கிறது. போரில் பறந்த விமானங்கள் சில, வண்ணம் பூசப்பட்டு, வெகு சுத்தமாக நிற்கின்றன. பாடசாலைப் பிள்ளைகள் பஸ்களில் வந்து பார்க்கிறார்கள். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது குண்டு விழுந்து நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அதுபற்றி அறிக்கை விட்டதையே அன்றைய அரசாங்கம் கண்டித்தது. அதே வருடம் செப்ரெம்பரில் நாகர்கோவில் பாடசாலை. நவாலியில் நினைவுச் சின்னம் உண்டு, ஊர் மக்கள் வைத்தது. இரத்மலானைக்கும் நவாலிக்கும் இடையே நானூறு கிலோமீற்றர். விமானம் ஓரிடத்தில், அது செய்தது இன்னோரிடத்தில். இரண்டையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளை எவரும் இருக்கமுடியாது.

இதை வாசித்து உற்சாகமாகத் தலையாட்டும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007 மார்ச்சில் சிறிய விமானங்கள் கட்டுநாயக்கா வரை போய்க் குண்டு வீசியபோது, புலம்பெயர்ந்த நாடுகளில் மகிழ்ந்தவர்கள் எத்தனை பேர்! அந்த விமானத்தின் மாதிரி, வேகம், எடை, அதை எப்படித் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டினார்கள் என்றெல்லாம் எழுதித் தள்ளினோம். 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு கொழும்பில் வருமான வரித் திணைக்களக் கட்டடத்தில் ஒன்று மோதியபோதும் விமானியைப் பற்றித்தான் பேசினோம். கட்டடத்தில் இருந்தவர்களைப் பற்றி நம்மில் யார் கேட்டார்? ஆகாயத்தில் நின்று எழுதும் பழக்கம் ஓர் அரசாங்கத்துக்கோ ஒரு மொழிக்கோ மட்டும் சொந்தமானதல்ல. பதுங்குகுழியில் இருந்தவனுக்கும் விமானம் கிடைத்தவுடன் அந்தப் பழக்கம் தொற்றிக்கொள்கிறது.

டார்வின் நூதனசாலையில் பணியிலிருந்த முதிய தொண்டர் ஒருவரிடம் இவ்விடயத்தைப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். "இது விமானங்களுக்கான இடம் ஐயா, போருக்கு வேறு நூதனசாலை நகரில் இருக்கிறது" என்றார். கண்ணியமான மனிதர். பொறியியலாளராக இருந்தவராம், துருப்பிடிக்கும் ஓர் ஆணியைக்கூடத் தன் கையால் துடைத்து வைப்பவர். அவருடைய பதில்தான் இத்துறையில் எல்லோருடைய பதிலும். பொறியியல் வேறு, போர் வேறு. அப்படியானால் பெயர்ப்பலகையில் குண்டின் நிறையை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். முப்பது தொன் என்பது பொறியியலின் அளவென்றால், அது எங்கே இறக்கப்பட்டது என்பதும் அதே அளவின் மறுபாதி. லொறி ஒன்றைக் காட்சிக்கு வைத்தால் அது என்ன ஏற்றி எங்கே கொண்டுபோனது என்று சொல்வோம். குண்டுவீச்சு விமானம் மட்டும் ஏற்றுமாம், இறக்குமிடம் கிடையாதாம்.

இன்னொரு வாதமும் கேட்டிருக்கிறேன்: குழந்தைகள் வரும் இடத்தில் இறப்பைப் பற்றி எழுதினால் மனம் புண்படும் என்பது. குக்கபராவைப் பார்க்கக் குழந்தைகள் வருவதில்லையா? தாகத்தினால் இருவர் இறந்த கதையை அவர்கள் வாசிக்கவில்லையா? வெள்ளைக்கார விமானியின் மரணம் குழந்தைகளுக்குத் துணிவைக் கற்பிக்கும், காம் தியென் வீதிக் குழந்தையின் மரணம் மனதைப் புண்படுத்தும் என்ற இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்பது பெரிய காரியமுமல்ல. எந்த விமானத்தையும் அகற்றத் தேவையில்லை. எந்த விமானியின் படத்தையும் இறக்கத் தேவையில்லை. இறக்கை, இயந்திரம், வேகம், உயரம், நிறை என்று ஐந்து வரிகள் எழுதும் பலகையில் ஆறாவதாக ஒரு வரி. இவ்வகை விமானம் குண்டு வீசிய இடங்கள் இவை. டார்வினில் அந்த வரியில் காம் தியென் என்று எழுதலாம். ஸீரோவின் பலகையில் தபாலகம் என்றும் டெய்சி மார்ட்டின் என்றும் எழுதலாம். கத்தரீனில் இறந்த மனிதரின் பெயரை அவரது மக்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் எழுதலாம். இறந்தோரின் பெயரை உச்சரிப்பதில் அச்சமூகங்களுக்குத் தனி வழக்கங்கள் உண்டு. ஆகவே முதலில் கேட்கவேண்டும். இரத்மலானையில் எழுதவேண்டிய வரிக்குப் பலகை கொஞ்சம் பெரிதாக வேண்டியிருக்கும்.